எந்த மெஷின் என்பதற்கு முன்னால், எந்த அச்சு?

மரவேலை வீடியோக்களில் கொஞ்ச நாள் மேய்ந்தவர்களுக்கு இந்த விவாதம் பழக்கமாகியிருக்கும். ஒரு அச்சை வைத்து அதே வடிவத்தில் பல மரத்துண்டுகளை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு ரூட்டர் மேசை போதுமா, ஷேப்பர் வாங்கணுமா? ஒரு கட்சி, ரூட்டர் எல்லாம் விளையாட்டுச் சாமான் என்று சொல்லும். இன்னொரு கட்சி, சின்னப் பட்டறைக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய மெஷின் என்று கேட்கும். நடுவில் குதிரைத்திறன், வேகம், விலை என்று ஒரு அட்டவணை. கடைசியில் ‘எல்லாம் உங்கள் தேவையைப் பொறுத்தது’ என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு அந்தக் கடைசி வரியில்தான் பிரச்சினை. தேவை என்னவென்று யாருமே கேட்கவில்லை. கேட்காமலேயே ஒரு தேவையைக் கற்பனை செய்துகொண்டு, அதற்குத்தான் மொத்த ஒப்பீடும் நடக்கிறது. அந்தக் கற்பனைத் தேவை எது, அது நம்ம ஊரில் செல்லுமா என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. உரசிப் பார்க்கிற கல்லாக பழவேற்காடு ஏரிக்கரையை எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்து மீனவ ஊர்கள். படகு, மரம், தச்சர் மூன்றும் பக்கத்து பக்கத்தில் இருக்கிற இடம். அதோடு, தப்பான மெஷினை கடனில் வாங்கினால் பல வருஷத்துக்கு எழ முடியாத இடமும்கூட.

முதலில் பெயர்க் குழப்பம்

என்னை மாதிரி மென்பொருள் ஆட்களுக்கு ரூட்டர் என்றால் வீட்டு மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி. பி.இ. படித்தவர்களுக்கு ஷேப்பர் என்றால் முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் இரும்பை முன்னும் பின்னும் போய்ச் சுரண்டும் மெஷின். இங்கே பேசுவது இரண்டும் இல்லை.

மரவேலை ரூட்டர் என்பது மிக வேகமாகச் சுழலும் மோட்டார், அதன் முனையில் விரல் பருமனில் ஒரு வெட்டு பிட். அதைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டலாம். ஒரு மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, மரத்தை அதன் மீது நகர்த்தினால் அது ரூட்டர் மேசை. ஷேப்பர் என்பதும் பார்வைக்கு அதே அமைப்புதான். வார்ப்பிரும்பு மேசை, நடுவில் செங்குத்தாக ஒரு தடித்த தண்டு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டுத் தலை, அடியில் கனமான இண்டக்‌ஷன் மோட்டார். நம்ம ஊர் மெஷின் கடைகளில் ஸ்பிண்டில் மோல்டர் என்று கேட்டால் இதைக் காட்டுவார்கள்.

அச்சு வைத்து வெட்டும் முறை இரண்டிலும் ஒன்றுதான். பிளைவுட்டிலோ எம்.டி.எஃப்.பிலோ வேண்டிய வடிவத்தில் ஒரு அச்சுப்பலகை செய்துகொள்ள வேண்டும். வெட்ட வேண்டிய மரத்தில் அதை வரைந்து, பேண்ட்சாவில் கோட்டுக்கு வெளியே 2, 3 மி.மீ. விட்டு அறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அச்சை மரத்தோடு பிணைத்து மெஷினில் ஓட்டுவது. ரூட்டர் பிட்டில் ஒரு சின்ன பேரிங் இருக்கும். ஷேப்பர் தண்டில் அதே வேலைக்கு ஒரு வளையம் இருக்கும். பேரிங்கோ வளையமோ அச்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். அச்சுக்கு வெளியே நீட்டியிருக்கும் மரத்தை மட்டும் கத்தி சீவி எடுக்கும். முடிந்ததும் மரம் அச்சின் நகல்.

அட்டவணையில் வராத எண்கள்

வழக்கமான ஒப்பீடுகள் குதிரைத்திறனில் ஆரம்பிக்கும். நான் வேறு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன், வெட்டுத் தலையின் விட்டம். மற்ற பல வித்தியாசங்கள் அதிலிருந்தே வந்துவிடும்.

12.7 மி.மீ. பிட், நிமிஷத்துக்கு 22,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். கத்தி முனையின் வேகம் வினாடிக்கு சுமார் 14.6 மீட்டர். 100 மி.மீ. ஷேப்பர் தலை, 7,000 சுற்று என்றால் சுமார் 36.7 மீட்டர். சுற்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் முனை வேகம் இரண்டரை மடங்கு. ‘ரூட்டர்தான் வேகம்’ என்று சொல்வது சுற்றுகளை மட்டும் எண்ணுகிற கணக்கு.

இன்னொன்று, கத்தி மரத்தை விட்டு வெளியேறும் கோணம். 3 மி.மீ. ஆழம் சீவும்போது சின்ன பிட்டின் முனை ஏறத்தாழ 58 டிகிரி வளைந்து மேலேறித்தான் வெளியே வரும். பெரிய தலையில் அது 20 டிகிரிதான். முன்னது நாரைக் குத்திக் கிளப்புகிறது, பின்னது படுக்கவைத்துச் சீவுகிறது. நார் எதிராகத் திரும்பும் வளைவுகளில் ரூட்டர் பிட் சிம்பு பெயர்ப்பதற்கும், ஷேப்பர் வழவழப்பாகக் கடந்துபோவதற்கும் இது முக்கியக் காரணம். மோட்டார் பலம் இதற்கு அடுத்துதான்.

தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. கனமுள்ள மரத்தை ஒரே ஓட்டத்தில் சீவ ரூட்டருக்கு நீளமான மெல்லிய பிட் வேண்டும். நீளம் கூடினால் அதிரும், வளையும், மரம் கருகும். மேலும் கீழும் பேரிங் உள்ள பிட் வாங்கி, பாதி ஆழம் சீவிவிட்டு மரத்தைத் திருப்பிப் போட்டு மீதியைச் சீவலாம். முடியும், ஆனால் நேரம் இரட்டிப்பு. ஷேப்பருக்கு 50 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் இண்டக்‌ஷன் மோட்டார் சலிக்காது. ரூட்டரின் பிரஷ் மோட்டார் சூடாகி இளைப்பாறக் கேட்கும்.

இதுவரைக்கும் ஷேப்பர் ஜெயிக்கிற மாதிரி தெரியும். அதே விட்டம்தான் அதற்குக் குழியும் தோண்டுகிறது. 100 மி.மீ. தலையால் 50 மி.மீ. ஆரத்துக்குக் குறைவான உள்வளைவில் நுழையவே முடியாது. அச்சில் எவ்வளவு அழகாக வளைத்திருந்தாலும் கத்தி அங்கே போகாது. 12.7 மி.மீ. ரூட்டர் பிட் 6.35 மி.மீ. ஆரம் வரைக்கும் போகும். ஆக, உங்கள் அச்சில் உள்ள மிகச் சின்ன உள்வளைவு என்ன என்ற ஒரு கேள்வி, பாதி நேரம் விவாதத்தையே முடித்துவிடும். நான் பார்த்த ஒப்பீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி கடைசிப் பத்தியில்கூட வருவதில்லை.

விரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைந்த மரத்தை ஓட்டும்போது நேர் வேலி தாங்காது. மரம் வளையத்தை மட்டும் நம்பி நிற்கும். பெரிய தலை ஒரு தடவை கடித்து இழுத்தால் மரம் பறக்கும், கை முன்னால் போகும். இரண்டு மெஷினிலும் ஆபத்து உண்டு. ஆனால் ஷேப்பர் இழுக்கும் பலம் வேறு ரகம். தொடங்குமிடத்தில் மரத்தைச் சாய்த்துப் பிடிக்க ஒரு ஊன்றுகோல், கைப்பிடி உள்ள பிணைப்புச் சட்டம், சுழற்சிக்கு எதிர்த்திசையில் மட்டும் தள்ளுவது, இந்த மூன்றும் இல்லாமல் ஷேப்பரில் வளைவு ஓட்டக் கூடாது. இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பட்டறைக்கு ‘பெரிசா வாங்கிடுங்க’ என்று யோசனை சொல்வதை நான் பொறுப்பான யோசனையாக நினைக்கவில்லை.

விவாதத்துக்குள் ஒளிந்திருக்கும் மூன்று அனுமானங்கள்

இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்கச் சமையலறை அலமாரிக் கதவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மேல்பக்கம் வில்லாக வளைந்த கதவுச் சட்டம், ஒரே அளவில் இருபது முப்பது. அதனால் மூன்று விஷயங்கள் சொல்லாமலே அனுமானிக்கப்படுகின்றன. ஒன்று, மரம் இழைத்துச் சமமாக்கிய தட்டைப் பலகை. இரண்டு, விளிம்பு முகப்புக்குச் செங்குத்து. மூன்று, எல்லா உருப்படியும் அச்சு அசலாக ஒன்று.

மூன்றாவதுதான் முக்கியம். ஒன்றுபோல் ஏராளமாக வேண்டும் என்ற தேவை இருந்தால் பெரிய மெஷின் எவ்வளவு நியாயமானது என்பதற்கு வரலாற்றில் ஒரு நல்ல சாட்சி உண்டு. அதுவும் கப்பல் சம்பந்தப்பட்டதே. 1800-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்துக் கடற்படைக்குப் பாய்க் கயிறு ஓடும் மரக் கப்பிகள் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தேவைப்பட்டன. மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மோட்ஸ்லே செய்துகொடுத்த 45 மெஷின்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவப்பட்டன. அவற்றில் ஒன்று, பத்துக் கப்பிகளை ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்பில் இறுக்கி, ஒரு அச்சைத் தொடர்ந்து வளைந்து போகும் கத்தியால் எல்லாவற்றின் முதுகையும் ஒரே மாதிரி சீவியது. இன்றைய ஷேப்பர் வேலையின் முப்பாட்டன் என்று சொல்லலாம். 1808-இல் வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள். 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள்.

அந்த மெஷின் ஜெயித்ததற்கு அதன் பலம் மட்டும் காரணமில்லை. கப்பி ஒன்றுபோல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும், அதனால் ஜெயித்தது. அதே துறைமுகத்தில் அதே காலத்தில் கப்பலின் உடலைத் தச்சர்கள் கையால்தான் கட்டினார்கள். கப்பியில் திரும்பத் திரும்ப வருவது உண்டு, கப்பல் உடலில் அது குறைவு.

படகில் எது திரும்ப வருகிறது?

இப்போது நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் இரண்டு பழைய கடல் வாகனங்கள் கட்டுமரமும் மசூலா படகும். கட்டுமரம் என்றால் பெயரே சொல்லிவிடுகிறது, செதுக்கிய மரங்களைச் சேர்த்துக் கட்டியது. மசூலா, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. அலை அடிக்கும் கரையில் முறியாமல் நெளிந்து கொடுக்க வேண்டும் என்பதால் தையல். இரண்டிலும் விலாச்சட்டமே கிடையாது. மசூலாவின் ஒவ்வொரு பலகையும் பக்கத்துப் பலகைக்கு ஏற்பச் செதுக்கப்பட்டது. அதற்கு அச்சு என்றால் பக்கத்துப் பலகைதான். இந்த வேலையில் ரூட்டரோ ஷேப்பரோ நகலெடுக்க ஒன்றுமில்லை.

சரி, விலாச்சட்டம் உள்ள மரப்படகு? அதற்குத் தெற்கே பாக் நீரிணைப் பக்கம் போக வேண்டும். கோடியக்கரை, அதிராம்பட்டினம் வட்டாரத்து வத்தை அப்படிப்பட்டது. சீன் மெக்ரெயில், லூசி ப்ளூ, எரிக் கென்ட்லி, கொலின் பால்மர் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ‘போட்ஸ் ஆஃப் சவுத் ஏசியா’ நூலில் வத்தை கட்டும் முறை ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே முதலில் ஏரா என்கிற அடிமரம், அதன் மேல் வங்கு என்கிற விலாச்சட்டங்கள், கடைசியாகத்தான் பலகை. வங்கின் வடிவத்தை முன்கூட்டியே ஒரு பலகையில் வரைந்து, அதிலிருந்து எடுக்கிறார்கள். இடைக்கால வெனிஸ் கப்பல் தச்சர்களின் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. மத்தியதரைக்கடல் முறையில் தச்சரிடம் இருப்பது ஒரு அச்சும், அதில் கீறிய சில அளவுக் கோடுகளும். நடு வங்குக்கு அச்சை ஒரு கோட்டில் வைப்பார். அடுத்த வங்குக்கு ஒரு கோடு நகர்த்துவார். அதற்கடுத்ததற்கு இன்னொன்று. படகு நுனியை நோக்கிக் குறுகக் குறுக அதே அச்சு வேறு வேறு வங்குகளைத் தரும். நம்ம பாஷையில் சொன்னால், ரூட்டரில் ஓட்டும் அச்சு ஒரு மாறிலி. தச்சரின் அச்சு ஒரு ஃபங்ஷன். உள்ளே ஒரு எண்ணைக் கொடுத்தால் அதற்கேற்ற வங்கு வெளியே வரும். ஒரே குடும்பம், ஆனால் எந்த இரண்டும் ஒன்றில்லை. இடது வலது ஜோடிகளை விட்டால் நகல் என்பதே அரிது.

ரூட்டரும் ஷேப்பரும் மாறிலியை நகலெடுக்கும் மெஷின்கள். ஃபங்ஷனை நகலெடுக்க அவற்றுக்குத் தெரியாது. ஒவ்வொரு வங்குக்கும் தனி அச்சுப்பலகை செய்யலாம்தான். அப்படிச் செய்தால் அச்சு செய்வதற்கு ஆகும் நேரமே வங்கு செய்வதற்கு ஆகும் நேரம்.

மற்ற இரண்டு அனுமானங்களும் இங்கே விழுகின்றன. வங்கின் வெளி விளிம்பு செங்குத்தாக இருக்காது. பலகை படிந்து உட்காருவதற்காகச் சரிவாகச் செதுக்க வேண்டும், அந்தச் சரிவும் வங்கு நெடுக மாறிக்கொண்டே போகும். நடுப்படகு வங்கில் சரிவு குறைவு, நுனியில் அதிகம். நேராக நிற்கும் கத்தி இதைச் செய்யாது. வாய்ச்சியும் இழைப்புளியும்தான் செய்யும்.

அடுத்தது மரம். நல்ல தச்சர் வங்குக்கு நேர்ப் பலகையைத் தேட மாட்டார். இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடுவார். வளைவோடு நாரும் வளைந்து போனால்தான் பலம். நேர்ப் பலகையில் அச்சு வைத்து அதே வளைவை வெட்டினால் வடிவம் அச்சு அசலாக வரும், ஆனால் வளைவின் இடுப்பில் நார் குறுக்கே அறுந்து நிற்கும். ஒரு அடி வாங்கினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். அச்சு வடிவத்தைத்தான் நகலெடுக்கிறது, ரேகையை நகலெடுப்பதில்லை. வளைந்த கிளையையோ மெஷின் மேசையில் தட்டையாக உட்கார வைக்கவே முடியாது.

ஃபைபர் வந்து எடுத்துக்கொண்டது

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் ஒரு பட்டறையில் இதையெல்லாம் கொஞ்சம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது தாண்டிய தச்சர், கதவு ஜன்னல்தான் பிரதான வேலை. ஏரிக்கரை ஊர்களிலிருந்து படகு ரிப்பேரும் வரும். கடன் போட்டு ஒரு மெஷின் வாங்கலாமா என்ற யோசனையில் இருந்தார்.

“அண்ணே, படகு வேலையில ஒரே மாதிரி துண்டு எத்தனை வரும்?” என்று கேட்டேன்.

“எங்க தம்பி வரும்? ஒரு படகுக்கு வெட்டுனது இன்னொரு படகுல உக்காராது. இவன் படகுல எஞ்சின் கட்டை ஒரு மாதிரி உளுத்திருக்கும், அவன் படகுல குறுக்குப் பலகை வேற மாதிரி ஒடஞ்சிருக்கும். போய் அளவெடுத்து, வெட்டி, வெச்சுப் பாத்து, திரும்ப சீவி... அப்படித்தான் ஓடுது.”

“ஒரே மாதிரி வர்றது?”

“அதான் ஃபைபர்ல வந்துடுச்சே. மோல்டுல ஊத்தி எடுத்துடுறான். எனக்கு வர்றது மிச்சம்.”

அந்த ‘மிச்சம்’ என்ற வார்த்தை என் ஒரு மணி நேர விளக்கத்தைவிடத் தெளிவு. ஃபைபர் படகும் அச்சுவேலைதான். முதலில் முழு அளவில் ஒரு மாதிரிப் படகு செய்து, அதன் மேல் மோல்டு எடுத்து, மோல்டிலிருந்து படகு படகாக எடுப்பது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இழுத்து ஏற்றக்கூடிய புதுப் படகுகளை வடிவமைத்து முயன்று பார்த்தது. கட்டுமரத்துக்கான மரம் அரிதாகி விலை ஏற ஏற ஃபைபர் பரவியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் தமிழகக் கரையெங்கும் மொத்தமாக வந்து இறங்கின. கட்டுமரத்திலிருந்து ஃபைபருக்கு மாறுவது அதோடு கிட்டத்தட்ட முடிந்துபோனது.

இதைப் பொதுவாகத் தச்சுக்கலையின் அழிவு என்று எழுதுவார்கள். எனக்கு இன்னொரு விதமாகவும் தெரிகிறது. படகு வேலையில் எதெல்லாம் திரும்பத் திரும்ப வருமோ அதை மோல்டு எடுத்துக்கொண்டது. திரும்ப வராததெல்லாம் மரத்துக்கு மிச்சமானது. எஞ்சின் உட்காரும் கட்டை, குறுக்குப் பலகை, விளிம்புக் கட்டை, துடுப்பு, சுக்கான், உடைந்த இடத்துக்கு ஒட்டு. ஏரி பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு, முகத்துவாரத்தில் மணல் அடைபடும். அடி உரசும், விளிம்பு தேயும். ஒவ்வொரு படகும் தன் தேய்மானத்தைத் தனியாகத் தேடிக்கொள்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு அச்சு செய்து வைக்க முடியாது.

ஆகவே ஷேப்பருக்கு வேண்டிய தீனி இங்கே ஏற்கனவே வேறொரு மெஷினுக்குப் போய்விட்டது. ஒப்பீட்டுக் கட்டுரைகள் இந்த மாதிரி ஒரு ஊரைப் பற்றி யோசிப்பதே இல்லை. மெஷினையும் மெஷினையும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். மெஷினுக்கு வேலை இருக்கிறதா என்பதை ஒப்பிட ஒரு கட்டம்கூட அட்டவணையில் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கிவைத்து எண்ணில் பார்க்கலாம். உதாரணத்துக்காக மட்டும் இந்த அளவுகள். ஒரு அச்சுப்பலகை செய்து பிசிறில்லாமல் முடிக்க 3 மணி நேரம். ஒரு உருப்படியைக் கையால் முடிக்க 40 நிமிஷம், அச்சு வைத்து மெஷினில் 15 நிமிஷம். ஒன்றுக்கு 25 நிமிஷம் மிச்சம். 180-ஐ 25-ஆல் வகுத்தால் 7.2. எட்டாவது உருப்படியில்தான் அச்சு செய்த நேரம் திரும்பி வருகிறது. மெஷின் விலை, கத்தி சாணை, மின்சாரம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

உங்கள் பட்டறையில் கடந்த ஒரு வருஷத்தில் ஒரே வடிவத்தில் எட்டுக்கு மேல் செய்த வேலை எத்தனை? இந்தக் கேள்விக்கு நோட்டைப் பார்த்துப் பதில் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து சொன்னால் நல்ல மாசம் மட்டும்தான் ஞாபகம் வரும். பழவேற்காட்டுப் பக்கப் பட்டறை மாதிரி இடத்தில் அந்தப் பட்டியலில் வளைவான ஜன்னல் சட்டம் வரலாம், நாற்காலிக் கால் வரலாம். படகுச் சாமான் வருவது அபூர்வம்.

மூன்றாவது வழி

‘ரூட்டர் மேசையா ஷேப்பரா’ என்று கேட்கும்போதே இன்னொரு வழி காணாமல் போகிறது. மேசையே வேண்டாம், ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டுவது. இரண்டு மீட்டர் நீளமுள்ள கனமான கட்டையை மேசை மேல் தூக்கி வளைத்து வளைத்து ஓட்ட இரண்டு ஆள் வேண்டும், ஒரு வழுக்கலில் வேலை கெடும். கட்டையை அசையாமல் பிணைத்து, மேலே அச்சை ஆணியடித்து, நாலைந்து கிலோ ரூட்டரைச் சுற்றி நடத்திப் போவது சுலபம். எது கனமோ அது நிற்கட்டும், எது லேசோ அது நகரட்டும். சின்னத் துண்டுக்கு மேசை, பெரிய துண்டுக்குக் கை. ஒரே ரூட்டர் இரண்டுக்கும் ஆகும்.

ஷேப்பரை ஒருநாளும் படகிடம் கொண்டுபோக முடியாது, படகுதான் அதனிடம் வர வேண்டும். கரையில் கிடக்கும் படகில் வைத்துப் பார்த்து, திரும்ப வந்து சீவி, மறுபடி போய் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலையின் தன்மை என்றால், தூக்கிப் போக முடிகிற மெஷின்தான் மெஷின். உப்புக்காற்றும் ஒரு கணக்கு. வார்ப்பிரும்பு மேசையும் தண்டும் மழை மாசங்களில் எண்ணெய் போடாமல் விட்டால் துரு ஏறும். ரூட்டரைத் துடைத்துப் பெட்டியில் மூடி வைக்கலாம். பெரிய ஷேப்பர்கள் மும்முனை மின்சாரம் கேட்கும், ரூட்டருக்குச் சாதாரண இணைப்பு போதும்.

என் தீர்ப்பு

‘தேவையைப் பொறுத்தது’ என்று நழுவப் போவதில்லை.

படகு ரிப்பேரும் சில்லறை மரவேலையும் கலந்து செய்யும் ஏரிக்கரைப் பட்டறைக்கு ஷேப்பர் வேண்டாம். முதல் பணம் ஒரு நல்ல பேண்ட்சாவுக்குப் போகட்டும். அச்சுவேலையில் அதிக மரத்தை எடுப்பது அதுதான், ரூட்டரோ ஷேப்பரோ கடைசி 2 மி.மீ.க்குத்தான். இரண்டாவது, 12 மி.மீ. அல்லது அரை அங்குலத் தண்டு பிடிக்கும், வேகம் மாற்றக்கூடிய ஒரு கனமான ரூட்டர். மேசையைத் தச்சரே செய்துகொள்ளலாம், நல்ல பிளைவுட்டும் ஒரு தட்டும் போதும். மூன்றாவது, மேலும் கீழும் பேரிங் உள்ள பிட் இரண்டு. இவ்வளவும் சேர்ந்து, கடன் பெரிதாகாமல் முடிகிற காரியம்.

ஷேப்பர் எப்போது? மூன்றும் ஒன்றாக வரும்போது: உருப்படி நூற்றுக்கணக்கில், கனம் 40 மி.மீ.க்கு மேல், மிகச் சின்ன உள்வளைவின் ஆரம் வெட்டுத் தலையின் ஆரத்தைவிடப் பெரியது. கதவு நிலை, ஜன்னல் சட்டம், பெஞ்சு கால் என்று ஒப்பந்தம் பிடித்து ஓடும் பட்டறைக்கு அது சரியான மெஷின், ரூட்டர் மேசையை வைத்துக்கொண்டு அங்கே மல்லுக்கட்டுவதுதான் வீண். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் காத்திருக்கலாம்.

கடைசியாக அச்சைப் பற்றி. மெஷின் தேயும், விற்கப்படும், அடுத்த மாடல் வரும். அச்சுப்பலகைகளைச் சுவரில் மாட்டி, எந்த வேலைக்கு, எந்த வருஷம், எந்தப் பேரிங் என்று பென்சிலால் எழுதி வைத்த பட்டறைகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பட்டறையின் உண்மையான சொத்து அந்தச் சுவர்தான். ஃபைபர் தொழிலில் மோல்டு யாரிடமோ அவரிடம்தான் படகின் வடிவம். ஏரிக்குத் தோதான அடி எவ்வளவு தட்டை இருக்கணும் என்று மீனவர் சொன்னாலும், மோல்டு வேறு மாதிரி இருந்தால் அவர் பேச்சு எடுபடாது. மரத்தில் அந்த நிலை இன்னும் வரவில்லை. அச்சுப்பலகை இன்னும் தச்சர் கையில் இருக்கிறது, ஒரு கோடு நகர்த்த வேண்டும் என்றால் அவரே நகர்த்தலாம். கடன் வாங்குகிறவர் முதலில் அந்தச் சுவரைப் பார்க்கட்டும். அங்கே எத்தனை அச்சு ஒரு தடவைக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று எண்ணிவிட்டு மெஷின் கடைக்குப் போகட்டும்.